வால்வு நோயாளிக்கு "இஎஃப் 60, நார்மல்" என்று மட்டும் ரிப்போர்ட் தந்தால் நம்பாதீர்கள்

கோலாலம்பூரில் "ஹார்ட் பாக்கேஜ்" விற்கும் ஒரு தனியார் பரிசோதனை மையத்தில் எங்களுக்கு நடந்தது இது.

இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசல்தான் அயோர்டிக் வால்வு. அப்பாவுக்கு அதில் சுருக்கம் இருப்பது முன்பே தெரியும். அதைச் சொல்லித்தான் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) எடுத்தோம். கையில் கிடைத்தது பளபளப்பான ஃபைல், உள்ளே ஒரே வரி: "இஎஃப் 60 சதவீதம், இதயத் தசை நார்மல்." இஎஃப் என்பது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற அளவு. வால்வைப் பற்றி ஓர் எண்கூட இல்லை. பத்துமலையின் 272 படியையும் நிற்காமல் ஏறியவர் இப்போது பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார் என்றேன். "அங்கிளுக்கு வயசாகுதுல்ல" என்று சொல்லி ஒரு சத்து மாத்திரை டப்பாவை நீட்டினார்கள். பில்லில் ரத்தம் பாயும் வேகத்தை அளக்கும் டாப்ளருக்குத் தனிக் கட்டணம் வேறு!

மனசு கேட்காமல் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கே எக்கோ எடுத்த பெண் அவசரப்படவே இல்லை. பேனா மாதிரி ஒரு சின்னக் கருவியை வலது மார்போரத்திலும் தொண்டைக் குழியிலும் வைத்து, ரத்தம் எங்கே அதிக வேகத்தில் பாய்கிறது என்று தேடினார். வேகம் நொடிக்கு 4.4 மீட்டர், வால்வுத் திறப்பு 0.8 சதுர செ.மீ. 4 மீட்டரைத் தொட்டாலே கடுமையான சுருக்கம்தான்.

இஎஃப் அங்கேயும் 60தான். டாக்டர் விளக்கினார்: குறுகிய வால்வை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தசை தடித்துவிடும், அந்தத் தடிப்பே இஎஃபை வெகுநாள் நார்மலாகக் காட்டும். தசை நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கும் ஸ்ட்ரெய்ன் அளவு, இஎஃப் குறைவதற்கு முன்பே குறைய ஆரம்பிக்கும். பொதுவாக அது 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அப்பாவுக்கு 13.

சுருக்கம் கடுமையாக இருந்து இஎஃப் 50க்குக் கீழே போனால், அறிகுறி இல்லாவிட்டாலும் வால்வை மாற்றச் சொல்கிறார்கள். அப்பாவுக்கோ மூச்சுத்திணறலே அறிகுறி. அதைத்தான் அந்த மையம் வயசு என்றது.

இன்னொன்றும் கவனியுங்கள். தசை ரொம்பத் தளர்ந்துவிட்டால் ரத்தம் வேகமாகப் பாயாது. அப்போது கடுமையான சுருக்கம்கூட லேசானது போலத் தெரியும். சந்தேகம் வந்தால் இதயத்தைப் பலமாகத் துடிக்க வைக்கும் டோபுடமின் மருந்து ஏற்றி எக்கோ பார்ப்பார்கள், அல்லது சிடி ஸ்கேனில் வால்வில் படிந்த சுண்ணாம்பை அளப்பார்கள்.

ஆகவே வால்வு நோயுள்ளவருக்கு எக்கோ எடுத்தால் வேகம், வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள சராசரி அழுத்த வித்தியாசம், திறப்பின் அளவு மூன்றும் ரிப்போர்ட்டில் இருக்கிறதா பாருங்கள். ஸ்ட்ரெய்ன் எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். எக்கோ படங்களையும் ஒரு குறுவட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மையத்தில் நாங்கள் கேட்டபோது "சிஸ்டத்துல அழிஞ்சிடுச்சு" என்றார்கள். டாப்ளர் பணத்தையும் இன்னும் திருப்பித் தரவில்லை. பில்லோடு சுகாதார அமைச்சுக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.