காபிப் பையில் சிரிக்கும் விவசாயியை நம்பிச் சந்தா கட்டாதீர்கள்

மாதச் சந்தா கட்டிக் காபி வாங்கி ஒன்பது மாதம் ஏமாந்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் சிலர் இப்போதும் அங்கே சந்தா கட்டிக்கொண்டிருக்கலாம். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே கதையை இதே மாதிரிப் பையில் வேறு பலரும் விற்கிறார்கள் என்பதால் பெயர் அவ்வளவு முக்கியமும் இல்லை.

இணையத்தில் வறுத்த காபிக் கொட்டை விற்பவர்கள். எத்தியோப்பியாவின் யிர்காசெஃபே வட்டாரத்துக் காபி, சாதாரணக் கொட்டையைப் போல மூன்று மடங்கு விலை. பையின் முன்பக்கத்தில் ஒரு பெரியவர் இரண்டு கை நிறையச் சிவப்புப் பழத்தை ஏந்திக்கொண்டு சிரிக்கிறார். நகக்கண்ணில் மண். பின்பக்கத்தில் அவர் பெயர், தோட்டம் இருக்கும் உயரம், பேத்தி பள்ளிக்கூடம் போகும் கதை, அப்புறம் இந்த வரி: '2012 முதல் இந்தக் குடும்பத்திடம் இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக வாங்குகிறோம்.' நான் காசு கொடுத்தது அந்த வரிக்குத்தான். காபி நன்றாகவே இருந்தது, மல்லிகை வாசமும் எலுமிச்சைப் புளிப்புமாக. அதுதான் இன்னும் எரிச்சல்.

குட்டு உடைந்தது தற்செயலாகத்தான். வேலை விஷயமாகப் படம் ஒன்று தேவைப்பட்டு, படங்களை விலைக்கு விற்கும் தளத்தில் துழாவிக்கொண்டிருந்தேன். அங்கே அதே பெரியவர், அதே சிரிப்பு, அதே நகக்கண் மண். கீழே குறிப்பு: குவாத்தமாலா, காபி அறுவடை. காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் அவரை எடுத்துப் பையில் ஒட்டிக்கொள்ளலாம்.

சரி, படம்தானே, வடிவமைத்தவர் அவசரத்தில் போட்டிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் பின்பக்கத்தையும் படிக்கத்தானே தோன்றும்? அந்த 2012 உறுத்தியது.

எத்தியோப்பியாவில் காபி பெரும்பாலும் சின்னச் சின்ன நிலங்களில் விளைகிறது. கழுவிப் பதப்படுத்தும் காபி என்றால், விவசாயி பறித்த பழத்தைப் பக்கத்தில் உள்ள கழுவும் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார். நூற்றுக்கணக்கானவர்களின் பழம் அங்கே ஒன்றாகிவிடும். 2008இல் அந்த நாட்டு அரசு ஒரு சரக்குச் சந்தையை ஏற்படுத்தி, காபி வியாபாரத்தை அதன் வழியாகத் திருப்பிவிட்டது. அங்கே வந்த மூட்டைகளை வட்டாரம், தரம் என்று பிரித்து அடுக்கினார்கள். எந்த நிலையத்தில் கழுவியது என்ற அடையாளமே போயிற்று. அதற்கு வெளியே நேரடியாக ஏற்றுமதி செய்ய முடிந்தது கூட்டுறவு ஒன்றியங்களுக்கும் பெரிய தோட்டங்களுக்கும்தான். இந்தப் பிடி தளர்ந்தது 2017இல். அப்படியிருக்க, 2012இல் ஒரு சிறு விவசாயக் குடும்பத்திடம் நேரடியாக மூட்டை வாங்கினோம் என்பது எப்படி நடந்திருக்கும்? கூட்டுறவு ஒன்றியத்திடம் வாங்கியிருக்கலாம். அதைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கூட்டுறவு என்று எழுதினால் பையில் போட ஒரு முகம் கிடைக்காதே.

மரியாதையாகவே மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு கேள்விகள்: வறுக்காத பச்சைக் கொட்டைக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தீர்கள், அதில் விவசாயி கைக்கு எவ்வளவு போனது? முதல் பதிலில் என் ஆர்வம் அவர்களை நெகிழவைப்பதாகச் சொல்லி ஒரு காணொளி அனுப்பினார்கள். இரண்டாவது பதில், வணிக ரகசியம். மூன்றாவதில் ஒரே வரி: 'சந்தை விலையைவிட 30 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறோம்.'

இந்த வரியை எங்கே பார்த்தாலும் நின்று யோசியுங்கள். சந்தை விலை என்று இவர்கள் சொல்வது நியூயார்க் வாயிதா சந்தையில், அதாவது பின்னால் வரும் சரக்குக்கு முன்கூட்டியே விலை பேசும் இடத்தில், அராபிகா என்ற காபி வகைக்கு உள்ள விலையை. 'சி விலை' என்பார்கள். உரம், கூலி, வட்டி என்று விவசாயிக்கு ஆகும் செலவு அதற்குத் தெரியாது. 2019இல் அது ஒரு பவுண்டு எடைக்கு (அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) 1 டாலருக்கும் கீழே இறங்கியது. 1 டாலர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 30 சதவீதம் கூட்டினால் 1.30. விவசாயிக்கு நியாய விலை கிடைக்கச் சான்றிதழ் தரும் ஃபேர்டிரேட் அமைப்பு அன்றைக்குக் கழுவிய அராபிகாவுக்கு வைத்திருந்த குறைந்தபட்ச விலையே 1.40 டாலர்! பெருமையாகச் சொன்ன கூடுதல் விலை, அந்த அடிமட்டத்தைக்கூடத் தொடவில்லை. 2023இல் ஃபேர்டிரேட் அதை 1.80 ஆக்கியது. 2025 தொடக்கத்தில் சி விலையே 4 டாலரைத் தாண்டியது. விலை இப்படி ஏறி இறங்கும்போது வெறும் சதவீதத்தை மட்டும் சொல்பவர் ஒன்றுமே சொல்லவில்லை.

தொகையையே சொன்னாலும், அது எந்த இடத்து விலை என்று கேளுங்கள். பெரும்பாலும் எஃப்ஓபி விலையைச் சொல்வார்கள், அதாவது துறைமுகத்தில் கப்பலேற்றிய நிலையில் உள்ள விலை. கழுவும் நிலையம், தோல் நீக்கும் ஆலை, லாரி, ஏற்றுமதியாளர் எல்லாருக்கும் அதிலிருந்துதான் பங்கு. ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் பறிக்க வேண்டும், அதுவும் பழுத்ததாகப் பார்த்து ஒவ்வொன்றாக.

பையில் '87 புள்ளி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததையும் நான் ஏதோ நியாயத்துக்குக் கொடுத்த மதிப்பெண் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். நூற்றுக்கு 80க்கு மேல் வாங்கினால் ஸ்பெஷாலிட்டி காபி, அதாவது உயர்தரக் காபி, அவ்வளவுதான். மதிப்பெண் கோப்பையில் இருக்கும் சுவைக்கு. 'டைரக்ட் டிரேட்', அதாவது விவசாயியிடம் நேரடியாக வாங்குகிறோம் என்பதற்கோ பொதுவான விதியும் இல்லை, சரிபார்க்கும் அமைப்பும் இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். ஃபேர்டிரேடிலும் குறை உண்டு. குறைந்தபட்ச விலை போவது கூட்டுறவுக்கு, அங்கிருந்து ஒவ்வொருவர் கைக்கும் என்ன போகிறது என்பது வேறு கதை. ஆனாலும் அங்கே ஒரு விலை எழுதப்பட்டிருக்கிறது, கணக்குப் பார்க்க ஆளும் உண்டு.

ஊர் பெயரை வைத்து ஏமாற்றுவது இந்த வியாபாரத்துக்குப் புதிதும் இல்லை. 1990களில் மத்திய அமெரிக்கக் கொட்டையைப் பை மாற்றி ஹவாயின் கோனா காபி என்று விற்றதாகக் கலிஃபோர்னியாவில் பெரிய வழக்கே நடந்தது. 2019இல் கோனா விவசாயிகள் தாங்களே நீதிமன்றம் போனார்கள், கடைகளில் கோனா என்று விற்ற கொட்டையின் வேதிக் கூறுகளைச் சோதித்துப் பார்த்துவிட்டு. பல மில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்தது. கோனா விவசாயிகளுக்கு அந்தப் பெயர் சோறு போடுகிறது, அதனால் விடவில்லை. என் பையில் இருந்த குவாத்தமாலாப் பெரியவருக்குத் தன் முகம் இப்படி விற்பனையாவதே தெரிந்திருக்காது.

அதே இரண்டு கேள்விகளை இன்னொரு விற்பனையாளருக்கும் அனுப்பிப் பார்த்தேன். மறுநாளே பதில்: எந்த இறக்குமதியாளர், எத்தனை மூட்டை, எஃப்ஓபி விலை என்ன. கூடவே, 'விவசாயி கைக்கு எவ்வளவு போனது என்று எங்களுக்கே இன்னும் தெரியவில்லை, கூட்டுறவிடம் கேட்டிருக்கிறோம்.' இப்போது அவர்களிடம்தான் வாங்குகிறேன். அவர்கள் பையில் முகம் எதுவும் இல்லை.

சந்தாவை நிறுத்துவதும் லேசில்லை, எச்சரிக்கிறேன். நிறுத்தும் பொத்தான் மூன்று பக்கம் தாண்டி ஒளிந்திருக்கிறது. நிறுத்திய பிறகும் பத்தாவது மாதப் பணத்தை எடுத்தார்கள். வங்கியில் புகார் கொடுத்துத்தான் திரும்பப் பெற்றேன். பழைய ஒன்பது மாதத்துக்கு ஒரு பை இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன்.

போன வாரம் அவர்கள் பக்கத்தை எட்டிப் பார்த்தேன். பெரியவரைக் காணோம். அவர் இடத்தில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கை நிறையப் பழத்தோடு. 2012 அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பேத்தியையும் மாற்ற மறந்துவிட்டார்கள்.