ஹட்டனில் வாஷிங் மெஷினோடு ஒரு மாடி வீடு: 11 மாதம் இருந்து பார்த்தது

விளம்பரத்தில் "வாஷிங் மெஷின் உண்டு" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் டிக்கோயாப் பக்கம் ஐயாயிரம் குறைவாகக் கிடைத்த வீட்டை விட்டுவிட்டு, இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனிலிருந்து கொஞ்சம் மேலே ஏறிப் போகிற இந்த மாடி வீட்டை எடுத்தேன். இரண்டு அறை, மாதம் 35,000 ரூபாய், ஆறு மாத அட்வான்ஸ். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் வளர்ந்தவன். பீலியில், அதாவது பொதுத் தண்ணீர்க் குழாயடியில் துவைத்து, இஸ்தோப்பு என்கிற முன் திண்ணையின் கொடியில் போட்டு, அங்கேயும் காயாமல் கடைசியில் அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் தொங்கவிட்டு, புகை மணக்கிற வெள்ளைச் சட்டையோடு ஸ்கூலுக்குப் போனவன் மெஷின் என்றதும் மயங்கத்தானே செய்வான்.

7 கிலோ டாப் லோட், குசினிக்குப் பின்னால் இருக்கிறது. முதல் மாதம் தண்ணீர் நிரம்பவே அரை மணித்தியாலம் எடுத்தது. ரிப்பேர் பார்க்க வந்த தம்பி குழாயைக் கழற்றி, தண்ணீர் ஏறுகிற வாயிலிருந்து விரல்நுனி அளவு வலையொன்றைக் குறட்டால் இழுத்துக் காட்டினார். சாயத்தண்ணீர் (பால் போடாத தேநீர்) நிறத்தில் மண் அப்பியிருந்தது. பழைய பிரஷ்ஷால் தேய்த்துப் போட்டதும் சரி. பெருமழை பெய்தால் டேங்க் கலங்கிவிடுகிறது, அன்றைக்கு வெள்ளை உடுப்புப் போடாதீர்கள், நான் இரண்டு சட்டையைக் கெடுத்துத்தான் படித்தேன்.

ஆனால் மலையில் துவைப்பது யாருக்குப் பிரச்சினை, காய்வதுதானே பாடு. மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை வெயிலை நம்ப முடியாது. மெஷின் என்னதான் பிழிந்து கொடுத்தாலும் ஜூலையில் ஜீன்ஸ் காய மூன்று நாள். அங்கேதான் இந்த வீட்டுப் பின்பக்கப் பால்கனி உதவியது: மேலே வெளிச்சம் விடுகிற ஷீட், சாரல் படாது, இரண்டு பக்கமும் காற்று. தோட்டத்திலிருந்து வந்த அம்மா மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கொடியில் கிடந்த துவாயைத் தொட்டுப் பார்த்து, "இது நல்ல இடம்ப்பா" என்றார்.

பெரிய குறை கரண்ட். கீழ் வீட்டுக்கும் எனக்கும் ஒரே மீட்டர். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையே ஏறுகிற நாட்டில் இரண்டு குடும்பத்துப் பாவனையும் ஒரே பில்லில் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும்? "பாதி பாதி தம்பி, அதுதானே நியாயம்" என்கிறார் வீட்டுக்கார அக்கா. கீழே தினமும் சுடுதண்ணீர்க் குளியல், அக்கா, நான் துவைப்பதோ பச்சைத் தண்ணீரில்! இரண்டு மாதம் பேசி, என் பாவனையை மட்டும் தனியாகக் காட்டுகிற ஒரு சப் மீட்டரை என் செலவில் பூட்டச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். வீடு பார்க்கப் போகிறவர்கள் மெஷினைத் திறந்து பார்ப்பதற்கு முதல் மீட்டர் எத்தனை என்று கேளுங்கள்.

அடுத்த மாதம் அக்ரிமெண்ட் முடிகிறது. இன்னும் ஒரு வருடம் இருக்கத்தான் யோசனை, சப் மீட்டர் பூட்டின பிறகுதான் கையெழுத்து.