இருவருக்கான ஹாட் டப்: படத்தில் பார்த்தது வேறு

திருமண நாளுக்காக ஹாட் டப் (வெந்நீர்த் தொட்டி) உள்ள ஹோட்டல் அறை எடுத்தோம். இருவர் தாராளமாக உட்காரலாம் என்றார்கள். உட்காரலாம், அவ்வளவுதான். முழங்கால் இடிக்கிறது, தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட் முதுகில் குத்துகிறது. தண்ணீருக்குள் உடலுறவு சுலபம் என்று நினைத்தால் நேர்மாறு: உடலின் இயல்பான வழவழப்பைத் தண்ணீர் கழுவிவிடும்; உராய்ந்து எரியும். குளோரின் வேறு. ஆணுறையும் நீருக்குள் நழுவக்கூடும், நம்ப வேண்டாம். சூடு 40 டிகிரி. 15 நிமிடத்தில் கணவருக்குத் தலை சுற்றியது, காதலால் அல்ல. (ஒயினைத் தவிர்த்திருக்கலாம்.) துண்டையோ எட்டாத தூரத்தில் வைத்திருந்தார்கள். அப்புறம் என்ன, துவட்டிக்கொண்டு கட்டிலுக்கே போனோம். தோளில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்த முதல் 10 நிமிடத்துக்காக மட்டும் 3 நட்சத்திரம்.