கருவிழிச் சிகிச்சைக்காக வெளிநாட்டுப் பயணம்: அறுவை அரங்கில் நிறைவு, அதற்குப் பிறகு குறை

இரு கண்களிலும் கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்பு போல முன்னே புடைத்து வரும் நோய் இருந்ததால், வெளிநாட்டுக் கண் மருத்துவமனை ஒன்றில் ஒரு கண்ணுக்கு, கருவிழியை உறுதிப்படுத்தும் கிராஸ் லிங்கிங் சிகிச்சையும் மற்றொன்றுக்குக் கருவிழி மாற்று அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டேன். மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. அங்கு கிடைத்த மருத்துவத் திறமைக்கு முழு மதிப்பெண் தருவேன். ஊர் திரும்பிய பின் அவர்கள் அளித்த தொடர் கவனிப்புக்கு அதில் பாதிகூடத் தர மாட்டேன். கருவிழி நோயைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது மதிப்பெண்ணே கனமானது.

கிராஸ் லிங்கிங்குக்காக மட்டும் நாடு கடந்து செல்ல வேண்டிய தேவை இன்று பலருக்கும் இல்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1990களின் பிற்பகுதியில் உருவான இம்முறை இப்போது பல நாடுகளில் வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. அமெரிக்கா 2016இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. மாற்றுக் கருவிழியின் கதை வேறு. 2016இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று, 70 பேருக்குக் கருவிழி தேவைப்படும் இடத்தில் ஒன்றுதான் கிடைக்கிறது என்று மதிப்பிட்டது. காத்திருப்பின் நீளம் நாட்டுக்கு நாடு மாறுவதால்தான் நோயாளிகள் எல்லை கடக்கிறார்கள். இரண்டாவது காரணம் கைத்திறன். எனக்குச் செய்தது கருவிழியின் முன் அடுக்குகளை மட்டும் மாற்றும் டால்க் எனப்படும் முறை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே தடிமன் கொண்ட, கருவிழியின் உட்புறத்திலுள்ள டெஸ்மெட் சவ்வைக் கிழிக்காமல், காற்றைச் செலுத்தி மேலடுக்கைப் பிரித்தெடுக்க வேண்டும். கிழிந்துவிட்டால் முழுத் தடிமன் மாற்றாக அங்கேயே திட்டத்தை மாற்ற நேரிடலாம். எத்தனை முறை அப்படி மாற்ற நேர்ந்தது என்று கேட்டபோது, அறுவை மருத்துவர் தயங்காமல் தம் கணக்கைச் சொன்னது எனக்குப் பெரிய நம்பிக்கையைத் தந்தது.

பயணத்துக்கு முந்தைய கலந்தாய்வை இச்சேவையின் மிகச் சிறந்த பகுதியாகச் சொல்வேன். கருவிழியின் வளைவைக் காட்டும் பழைய டோப்போகிராபி படங்களைத் தேதி வரிசையில் கேட்டு வாங்கினார்கள். நோய் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதை ஒரே ஒரு படம் காட்டாது என்பதால் இது சரியான கோரிக்கை. காண்டாக்ட் லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே தற்காலிகமாக அமுக்கி மாற்றிவிடும்; ஆகவே பரிசோதனைக்கு வாரங்களுக்கு முன்பே கடினவகை லென்ஸை நிறுத்தும்படி எழுதியிருந்தார்கள். இதைச் சொல்லாத மருத்துவமனைக்கு விமானம் ஏறிப் போனால், முதல் வாரம் முழுவதும் கருவிழி பழைய வடிவத்துக்குத் திரும்பக் காத்திருப்பதிலேயே கழியும். ஒவ்வாமை உண்டா, கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா என்றும் விசாரித்தார்கள். கண்ணின் வெண்பகுதியில் தங்கி நிற்கும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸ் போட்டுப் பார்த்தீர்களா என்ற கேள்வியும் வந்தது. அறுவையால் வருமானம் பெறும் இடமே அறுவையைத் தவிர்க்கும் வழியை முதலில் கேட்டது அரிது.

மாற்றுக் கருவிழி எங்கிருந்து வருகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எந்தக் கண் வங்கி, கொடையாளிக்கு எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பரிசோதனைகள் முடிந்தனவா, எவ்வகையில் சேமிக்கப்பட்டது என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். குளிர்நிலைச் சேமிப்பில் கருவிழி ஏறத்தாழ இரண்டு வாரம் தாங்கும். உடல் வெப்பத்தை ஒட்டிய நிலையில் வளர்ப்பு ஊடகத்தில் வைத்தால் நான்கு வாரம் வரை தாங்கும். பின்னதைப் பயன்படுத்தும் இடங்களில் அறுவைத் தேதியை முன்கூட்டியே உறுதியாகக் குறிக்க முடிகிறது. நான் சென்ற இடம் முதல் வகை. தேதி தள்ளிப்போகக்கூடும், மாற்றத்தக்க பயணச்சீட்டையே வாங்குங்கள் என்று அவர்கள் முன்பே சொல்லிவிட்டதால் பதற்றம் இல்லை.

கிராஸ் லிங்கிங்கில் கருவிழியின் மேல்தோலை அகற்றி, ரைபோபிளேவின் (வைட்டமின் பி2) சொட்டுகளை ஊறவிட்டு, புற ஊதாக் கதிரைச் செலுத்துகிறார்கள். மேல்தோல் நீங்கிய பின் குறைந்தது 400 மைக்ரான் (0.4 மில்லிமீட்டர்) தடிமன் இருப்பது வழக்கமான விதி; அதற்குக் கீழே போனால் உள்ளடுக்குச் செல்களுக்குக் கதிர் தீங்கு செய்யக்கூடும். அடுத்த சில நாட்களின் எரிச்சலைப் பற்றி முன்பே தெளிவாக எச்சரித்திருந்தார்கள். ஆனால் மருத்துவமனையின் விளம்பரக் கையேடு இச்சிகிச்சை பார்வையைத் திரும்பத் தரும் என்ற தொனியில் எழுதப்பட்டிருந்தது. அது தவறு. நோய் மேலும் வளராமல் நிறுத்துவதே இதன் வேலை. மருத்துவர் நேரில் இதைச் சரியாகவே சொன்னார். கையேட்டை எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். மாற்று அறுவையும் தாதியரின் பராமரிப்பும் குறை சொல்ல இடமின்றி அமைந்தன. மொழிபெயர்ப்பாளர் அலுவல் நேரத்தில் மட்டுமே இருந்தார்; வலி பெரும்பாலும் இரவில்தான் வந்தது.

இனி, குறைக்கு வருகிறேன். கருவிழியில் இரத்த நாளங்கள் இல்லாததாலேயே மற்ற உறுப்புகளைவிட அது எளிதில் ஒட்டுகிறது. கண் மருத்துவர் எட்வார்ட் சிர்ம் 1905இலேயே வெற்றிகரமாக மாற்ற முடிந்ததற்கும் அது ஒரு காரணம். அதே காரணத்தால் புண் ஆறுவதும் மிக மெதுவாக நடக்கிறது. தையல்கள் ஓராண்டும் அதற்கு மேலும் கண்ணில் இருக்கலாம். கருவிழியின் வளைவு சீராக இல்லாததைக் காட்டும் சிலிண்டர் பவரைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக அகற்றுவார்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் பல மாதங்களுக்குப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்; அது கண் அழுத்தத்தை உயர்த்தக்கூடும் என்பதால் அழுத்தத்தையும் அவ்வப்போது அளக்க வேண்டும். தையல் ஒன்று தளர்ந்தால் அது கிருமி நுழையும் வாசல். கண் சிவப்பது, ஒளி கூசுவது, பார்வை மங்குவது, வலிப்பது ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அன்றே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். சொந்த உள்ளடுக்கு அப்படியே இருப்பதால் டால்க் முறையில் நிராகரிப்பு அபாயம் குறைவுதான். முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது.

இவ்வளவும் நடப்பது நோயாளியின் சொந்த ஊரில், அறுவை செய்யாத வேறொரு மருத்துவரிடம். அந்த மருத்துவருக்குத் தேவையான தகவல்கள் எனக்குத் தந்த வெளியேற்றச் சுருக்கத்தில் இல்லை. எந்த வகைத் தையல், மாற்றுக் கருவிழியின் விட்டம் என்ன, டெஸ்மெட் சவ்வில் சிறு துளையேனும் விழுந்ததா என்பவை எல்லாம் விடுபட்டிருந்தன. சொட்டு மருந்துகள் அந்நாட்டு வணிகப் பெயர்களில் எழுதப்பட்டிருந்தன. மூலப்பெயரும் செறிவும் இல்லாததால் மருந்துக் கடையில் சமமான மருந்தைக் கண்டறிவது சிரமமாயிற்று. பிறர் செய்த அறுவையின் தையலில் கை வைக்க எந்த மருத்துவரும் தயங்குவார். தகவல் இல்லாதபோது அந்தத் தயக்கம் நியாயமானதும்கூட. மருத்துவமனைக்கு எழுதினால் பன்னாட்டு நோயாளர் பிரிவின் ஒருங்கிணைப்பாளரே கனிவுடன் பதிலளித்தார். மருத்துவரின் பதில் வந்து சேர நெடுநாள் ஆயிற்று. புறப்படும் முன்பே உள்ளூரில் கருவிழி நிபுணர் ஒருவரைப் பேசி வைத்து, இரு மருத்துவர்களையும் ஒருவரோடொருவர் நேரடியாகத் தொடர்புபடுத்தித் தரும் மருத்துவமனையையே தேர்ந்தெடுங்கள் என்பேன்.

விமானப் பயணத்துக்கும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். சில அறுவைகளின் முடிவில் கண்ணுக்குள் காற்றுக் குமிழையோ வாயுக் குமிழையோ விட்டுவைக்கிறார்கள். விமான அறையின் அழுத்தம் குறையும்போது அது விரிந்து கண் அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும். உள்ளடுக்கை மட்டும் மாற்றும் டிமெக் முறையில் குமிழ் கட்டாயம் உண்டு. ஒட்டு விலகினால் மறுபடியும் குமிழ் செலுத்த நேரிடும். எனவே அம்முறைக்குச் செல்பவர்கள் அறுவை முடிந்த சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று திட்டமிடக் கூடாது.

மாற்றுக் கண்ணின் பார்வை இப்போது தெளிவாக இருக்கிறது, கடின லென்ஸின் துணையோடு. அறுவைக்குப் பிறகும் லென்ஸ் தேவைப்படலாம் என்று முதல் கடிதத்திலேயே அவர்கள் எழுதியிருந்தார்கள், ஆகவே இது ஏமாற்றமில்லை. நீண்ட காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கும், உள்ளூரில் டால்க் செய்பவர் கிடைக்காதவருக்கும் இத்தகைய பயணத்தைப் பரிந்துரைக்கலாம். கிராஸ் லிங்கிங் மட்டும் போதுமானவர்களும், மாதந்தோறும் கண்ணைப் பார்க்க அருகில் மருத்துவர் இல்லாதவர்களும் போக வேண்டியதில்லை.