ராபரி (1967): வேலையாகப் பார்த்துப் பார்த்துச் செய்யும் ஒரு ரயில் கொள்ளை

பழைய இங்கிலாந்துப் படமென்றால் இழுத்துக்கொண்டு போகும் என்று நினைக்கிறவர்கள் ‘ராபரி’யின் தொடக்கத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். பட்டப்பகலில் லண்டன் தெருவில், காரில் போகிற ஒரு ஆளை வாயு அடித்து மயக்கி, அம்புலன்சில் தூக்கிப் போட்டு, அவர் கொண்டுவந்த நகைப் பெட்டியை எடுத்துவிடுகிறார்கள். பேச்சே கிடையாது. அடுத்த காருக்கு மாறும் நேரம் பார்த்துப் பொலிசின் கண்ணில் பட்டுவிட, அங்கிருந்து ஒரு துரத்தல் தொடங்குகிறது பாருங்கள், நிஜத் தெருக்களில் நிஜ வேகத்தில் எடுத்தது, கணினி வித்தை எதுவும் இல்லாத காலம். ஹொலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் இதைப் பார்த்துத்தான் இயக்குநர் பீட்டர் யேட்ஸை ‘புல்லிட்’ படத்துக்குக் கூப்பிட்டார்.

ஆனால் எனக்குப் படம் பிடித்துப்போனது அந்தத் துரத்தலால் இல்லை. அதற்குப் பிறகு வருகிற பொறுமைதான் காரணம். ஸ்டான்லி பேக்கர் நடித்திருக்கும் கிளிஃப்டன், கிளாஸ்கோவிலிருந்து லண்டன் வரும் இரவுத் தபால் ரயிலை மறிக்க ஆள் சேர்க்கிறான், இடம் பார்க்கிறான், பணக் கணக்குத் தெரிந்த ஒருவனைச் சிறையிலிருந்தே வெளியே எடுக்கிறான். உதைபந்தாட்ட மைதானத்தில், சனம் கத்திக்கொண்டிருக்க, நடுவில் நின்று திட்டம் பேசுகிறார்கள். எங்கள் மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஒரு இறுதிப் போட்டி நாளை நினைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் நிற்கிறவன் என்ன பேசுகிறான் என்று யாருக்குக் கேட்கும்?

ரயில் மறிக்கும் பகுதியை ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பாவோடு இருந்து பார்த்தேன். மட்டக்களப்பு இரவு மெயிலை ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கமெல்லாம் இருட்டில் பார்த்துப் பழகிய மனிதர். “சிவப்பு எரிஞ்சா நிக்கத்தான் வேணும் மனே, ஏன் எண்டு கேட்டுக்கொண்டு போகேலாது” என்றார். கொள்ளையர்கள் பிடித்துக்கொண்டதும் அந்த ஒழுங்கைத்தான்.

1963 ஆகஸ்ட் 8ஆம் திகதி அதிகாலை பக்கிங்ஹாம்ஷயரில் உண்மையில் நடந்த தபால் ரயில் கொள்ளையைத் தழுவிய கதை இது. பச்சை விளக்கைக் கையுறையால் மூடி, பற்றரியில் சிவப்பு விளக்கை எரிய வைத்தார்கள். உதவிச் சாரதி இறங்கிப்போய்த் தண்டவாளத்துப் பக்கத்து ரெலிபோனை எடுத்தால், வயர் அறுந்து கிடந்தது. 120 சாக்குப் பணம், ஏறக்குறைய 26 இலட்சம் பவுண். கையோடு கொண்டுபோன சாரதிக்கு அந்த டீசல் இயந்திரத்தை ஓட்டத் தெரியவில்லை என்பதால், ஏற்கெனவே தலையில் அடித்துக் காயப்படுத்திய அந்த ரயிலின் சாரதி ஜாக் மில்ஸையே மிரட்டி ஓட்ட வைத்தார்கள். அவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை, 1970இல் காலமானார். இந்தக் கொள்ளையைப் பற்றி ஆகா ஓகோ என்று பேசுகிறவர்கள் அவரை மறந்துவிடுகிறார்கள், எனக்கு அது எப்போதும் கோபம் வருகிற விசயம். அந்த வகையில் இந்தப் படம் கொள்ளையர்களைக் கொண்டாடவில்லை என்பது பெரிய ஆறுதல். பேக்கரின் முகத்தில் ஒரு இடத்திலும் குதூகலம் இல்லை, எப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிற முகம்.

டக்ளஸ் ஸ்லோகோம்பின் ஒளிப்பதிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரவுக் காட்சியில் ஆட்கள் வரிசையாக நின்று சாக்குகளைக் கைமாற்றும்போது வெளிச்சம் மிகக் குறைவு, ஆனாலும் யார் எங்கே நிற்கிறார்கள் என்று குழப்பமே வராது.

குறை இருக்கிறது. கிளிஃப்டனின் மனைவியாக வரும் ஜோவானா பெட்டெட்டுக்குக் கவலைப்படுவதைத் தவிர வேலை இல்லை, அந்தக் காட்சிகள் வந்தாலே படம் தொய்கிறது. கும்பலில் பாதிப்பேரின் பெயர் கடைசிவரை மனதில் நிற்காது. ஆனால் ஃபிராங்க் ஃபின்லே, சிறையிலிருந்து எடுத்த அந்த ஆள், மனைவியோடு பேசத் துடிக்கிற துடிப்பு அப்படியே நிற்கிறது. ஜேம்ஸ் பூத்தின் இன்ஸ்பெக்டரும் அளவாக, நன்றாக இருக்கிறார்.

இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. லண்டன் கொச்சை எங்கள் காதுக்குப் பிடிபடாது, அதனால் எழுத்து ஓடுகிற பிரதியாகத் தேடி எடுங்கள். போனில் பார்க்க வேண்டாம், அந்த இரவுக் காட்சிகள் முழுக்கக் கறுப்பாகத்தான் தெரியும். கரன்ட் நிற்காத ஒரு இரவில் பெரிய திரையில், வீட்டில் ரயில்வேக்காரர் யாராவது இருந்தால் அவரையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு பாருங்கள்.