மான்லிகர்-ஷோனவர் ரைஃபிளுக்கு ஸ்கோப்: கொக்கியா, பக்கத் தகடா, சுழல் மவுண்டா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய மான்லிகர்-ஷோனவர் வேட்டை ரைஃபிள் ஒன்று இதுவரை ஸ்கோப் (தொலைநோக்கிக் குறி) பொருத்தத் துளை படாமல் இருக்கிறது என்றால், அதில் துளை போட வேண்டாம். யாரோ எப்போதோ ஒரு மவுண்ட், அதாவது ஸ்கோப்பைத் தாங்கும் பிடி, பொருத்தியிருந்தால், அது எந்த வகையோ அதையே சீர்செய்து பயன்படுத்துவது நல்லது. புதிதாகப் பொருத்தித்தான் ஆக வேண்டும், வேட்டைக்கு எடுத்துப் போகத்தான் அது என்றால் சுழல் மவுண்ட். ஏன் என்பதற்கு அந்த ரைஃபிள் கட்டப்பட்ட விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஆஸ்திரியாவின் ஷ்டையர் நகரத் தொழிற்சாலையில் பிறந்தது இது. ஃபெர்டினாண்ட் மான்லிகர் வடிவமைத்த போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் எஃகு உருளை), ஓட்டோ ஷோனவர் வடிவமைத்த சுழலும் மேகசின் (தோட்டாக்களை வைக்கும் அறை), இரண்டும் சேர்ந்ததால் இரட்டைப் பெயர். 1903இல் கிரேக்க ராணுவம் 6.5×54 மி.மீ தோட்டாவோடு இதை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டின் வேட்டை மாடல்தான் இன்றுவரை எல்லோரும் தேடுவது. 45 செ.மீ குழல், குழலின் நுனிவரை ஓடும் மரக்கட்டை, அதன் முனையில் எஃகுத் தொப்பி, வெண்ணெய்க் கத்தி போலத் தட்டையான போல்ட் கைப்பிடி, பெரும்பாலானவற்றில் இரட்டை விசை. பின்விசையை இழுத்து வைத்தால் முன்விசை ஒரு தொடுதலில் சுடும். ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய டபிள்யூ.டி.எம். பெல் இந்த 6.5ஐ வைத்து யானைகளைச் சுட்டிருக்கிறார். ஆனால் இதன் சொந்த இடம் ஆல்ப்ஸ் மலைச்சரிவுதான். ஷாமுவா ஆட்டுக்கும் ரோ மானுக்கும் நாள் முழுக்கத் தோளில் சுமந்து ஏறுவதற்கான எடை, நீளம்.

இதில் ஸ்கோப் பொருத்துவது ஏன் தலைவலி? மவுசர் ரைஃபிளில் போல்ட் கைப்பிடி ரிசீவரின் (போல்ட் முன்னும் பின்னும் ஓடும் எஃகுக் கூட்டின்) பின்வளையத்துக்குப் பின்னால் இருக்கும். வளையம் முழுசாக இருப்பதால் அதன் தலையில் ஸ்கோப்பின் காலை ஊன்றலாம். மான்லிகர்-ஷோனவரில் கைப்பிடி பின்வளையத்துக்கு முன்னால் இருக்கிறது. போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும்போது கைப்பிடி அந்த வளையத்தைக் கடந்து போயாக வேண்டும், அதனால் வளையம் மேலே பிளந்திருக்கிறது. ஸ்கோப்பின் பின்கால் எங்கே நிற்க வேண்டுமோ, சரியாக அங்கே ஒரு வழி வெட்டியிருக்கிறார்கள். நிமிர்ந்த கைப்பிடி அந்த வழியாகப் பயணிப்பதால் ஸ்கோப் தாழ்ந்திருந்தால் அதில் முட்டும். போல்ட்டின் வாலில் இருக்கும் சிறகு போன்ற பாதுகாப்புத் தாழும் நிமிர்ந்து நிற்கும் வகை. அதற்கும் இடம் வேண்டும். தோட்டாக்களை மேலிருந்துதான் ஏற்ற வேண்டும், கிளிப்பில் வைத்து ஐந்தையும் ஒரே தள்ளாகத் தள்ளும் வசதி ஸ்கோப் நடுவில் வந்தால் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டை. முன்குறியும் பின்குறியும் வைத்துச் சுடுவதற்காகவே வளைத்த கட்டை அது. கன்னத்தைப் பதித்தால் கண் தானாகப் பின்குறியில் வந்து நிற்கும். ஸ்கோப்பை இரண்டு செ.மீ உயர்த்தினால் கன்னம் மரத்தை விட்டுக் கிளம்பிவிடும், தாடைதான் படும். நிதானமாகச் சாய்ந்து சுடும்போது இது தெரியாது. ஓடும் காட்டுப்பன்றியைப் பார்த்துச் சட்டென்று தோளுக்குக் கொண்டுபோகும்போது தெரியும்.

இனி ஒவ்வொன்றாக.

கொக்கி மவுண்ட் ஜெர்மனியின் ஸூல் நகரத் துப்பாக்கிக் கம்மியர்களின் பெயரால் அறியப்படுவது. முன்வளையத்தில் ஓர் அடித்தட்டு, அதில் இரண்டு பள்ளம். ஸ்கோப்பின் முன்காலில் இரண்டு கொக்கி. ஸ்கோப்பைச் சாய்த்துக் கொக்கிகளை உள்ளே விட்டு, பின்பக்கத்தைக் கீழே அழுத்தினால் சுருள்வில் தாழ் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். கழற்ற, தாழை நகர்த்திப் பின்பக்கத்தைத் தூக்கினால் போதும். கருவி எதுவும் வேண்டாம், இருட்டிலும் செய்யலாம்.

இதன் அழகு முழுக்கக் கைவேலையில் இருக்கிறது. விளக்குக்கரி பூசி, பொருத்திப் பார்த்து, எங்கே கரி ஒட்டுகிறதோ அங்கே அரத்தால் ஒரு இழை எடுத்து, மறுபடி பூசி, மறுபடி பொருத்தி என்று போகும் வேலை. இவ்வளவு பொறுமை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே 10 செ.மீ இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். பின்கால் 0.1 மி.மீ நகர்ந்தால், 100 மீட்டர் தூரத்தில் குண்டு 10 செ.மீ விலகும். ஒரு தாளின் தடிமன் அளவு தளர்வு போதும், ரோ மானின் இதயத்தைக் குறிவைத்த குண்டு வயிற்றில் பாயும். அந்த விலங்கு காயத்தோடு ஓடி எங்கேயோ விழும். வேட்டையில் இதைவிட மோசமானது எதுவும் இல்லை. நல்ல கம்மியர் பொருத்திய கொக்கி மவுண்ட் நூறு தடவை கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில் வந்து உட்கார வேண்டும், நன்றாகச் செய்தவை உட்காரவும் செய்கின்றன.

குறை என்ன? பழைய கொக்கி மவுண்டுகளில் ஸ்கோப்பின் எஃகுக் குழாயிலேயே வளையத்தை ஈயப்பற்று வைத்து ஒட்டிவிடுவார்கள். ஸ்கோப்பின் கண்ணாடி மங்கிவிட்டால் வேறு ஸ்கோப் மாற்றுவது திருகு கழற்றும் வேலை இல்லை, மறுபடி கம்மியரிடம் போகும் வேலை. பொருத்தம் கையால் செய்ததால் ஒரு ரைஃபிளின் ஸ்கோப் இன்னொன்றில் உட்காராது. போர்களுக்குப் பிறகு பலநாடுகளில் கைமாறிய ரைஃபிள்களில் அடித்தட்டு மட்டும் தனியாக நிற்பதை அடிக்கடி பார்க்கலாம். அதற்குரிய ஸ்கோப் எங்கேயோ போய்விட்டிருக்கும். அதோடு உயரம். கைப்பிடிக்கு இடம் விட்டு, கீழே பழைய குறிகளைப் பார்க்கவும் வழி விட்டு உயர்த்தியிருப்பார்கள். குறிகள் தெரிவது வசதிதான், ஆனால் கன்னம் அந்தரத்தில் தொங்கும்.

இன்னொன்று கவனிக்க வேண்டும். அந்தக் கால ஐரோப்பிய ஸ்கோப்கள் பலவற்றில் மேல்-கீழ் திருத்தம் மட்டும்தான் ஸ்கோப்புக்குள் இருக்கும். இடம்-வலம் திருத்தத்தை மவுண்டின் பின்தட்டில்தான் செய்ய வேண்டும். ஸைஸ் ஸீல்ஃபியர், வியன்னாவின் காலெஸ் ஹேலியா போன்றவற்றின் பழைய பதிப்பு ஒன்றை வாங்கி, இடம்-வலம் நகராத மவுண்டில் மாட்டினால் குண்டு எங்கே போகிறதோ அங்கேதான் போகும். ஸ்கோப்பையும் மவுண்டையும் ஒரு ஜோடியாகத்தான் யோசிக்க வேண்டும். குழாய் விட்டமும் அப்படித்தான்: அந்தக் கால ஐரோப்பாவில் பெரும்பாலும் 26 மி.மீ, அமெரிக்காவில் 25.4. வித்தியாசம் சின்னதாகத் தெரியும், 25.4 வளையத்தில் 26ஐ இறுக்கினால் குழாய் நசுங்கும்.

பக்கவாட்டு மவுண்ட் அமெரிக்கர்களின் பதில். நியூயார்க்கின் கிரிஃபின் அண்ட் ஹவ் நிறுவனத்தின் வடிவம் இதில் பேர்போனது. ரிசீவரின் இடப்பக்கச் சுவரில் ஓர் எஃகுத் தகட்டைத் திருகுகளாலும் சரிவு முளைகளாலும் பதித்துவிடுவார்கள். ஸ்கோப்பைத் தாங்கும் மேல்பாகம் அந்தத் தகட்டின் மீது சறுக்கி வந்து, இரண்டு நெம்புகளால் பூட்டிக்கொள்ளும். மான்லிகர்-ஷோனவரின் பிளந்த வளையத்தை இது தொடவே வேண்டாம். பிளவு என்ற தொல்லையை முழுக்க ஓரங்கட்டிய ஒரே வடிவம் இதுதான், அந்த வகையில் இது மூன்றிலும் புத்திசாலித்தனமானது என்பேன். லைமன் அலாஸ்கன் மாதிரி மெலிந்த 2.5 மடங்கு ஸ்கோப்போடு சேர்ந்தால் ரைஃபிளின் உருவமும் கெடாது.

கைப்பிடிக்கு வழிவிடுவதற்காகச் சில பக்கவாட்டு மவுண்டுகளில் ஸ்கோப் குழலுக்கு நேர் மேலே இல்லாமல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி இருக்கும். இதைக் கேட்டதும் பலர் பயப்படுகிறார்கள், தேவையில்லை. ஸ்கோப் 1 செ.மீ இடப்பக்கம் இருந்து, 100 மீட்டரில் குண்டும் குறியும் சேருமாறு நேர்படுத்தினால், 50 மீட்டரில் குண்டு அரை செ.மீ வலப்பக்கமும், 200 மீட்டரில் 1 செ.மீ இடப்பக்கமும் விழும். மான் வேட்டையில் இது ஒன்றுமே இல்லை. 160 கிரெயின் (சுமார் 10 கிராம்) எடையுள்ள, மெதுவாகப் போகும் உருண்டை மூக்குக் குண்டுக்கு 200 மீட்டருக்கு மேல் ஆசைப்படவும் கூடாது.

நான் இதில் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. பக்கவாட்டுத் தகட்டுக்கு ரிசீவர் சுவரில் வரிசையாகத் துளை போட வேண்டும், கட்டையின் இடப்பக்க விளிம்பைச் செதுக்கி இடம் செய்ய வேண்டும். நூறு வருஷம் தாங்கிய வால்நட் மரத்தில் வெட்டிய அந்தப் பள்ளத்தை யாராலும் நிரப்பி மறைக்க முடியாது. மவுண்டைக் கழற்றிவிட்டாலும் தகடு அங்கேயே துருத்திக்கொண்டிருக்கும், கையில் தூக்கிப் போகும்போது உள்ளங்கை அதில் இடிக்கும். மலையில் நாள் முழுக்கச் சுமக்கும் ரைஃபிளுக்கு இது சின்னக் குறை இல்லை.

சுழல் மவுண்ட் ஐரோப்பாவிலேயே கொக்கிக்குப் போட்டியாக வளர்ந்தது. வூர்ட்ஸ்பர்க்கின் எர்ன்ஸ்ட் அப்பெல் நிறுவனம், சுருக்கமாக இ.ஏ.டபிள்யூ., இதில் முன்னோடிப் பெயர். ஸ்கோப்பை ரைஃபிளுக்குக் குறுக்காகப் பிடித்து முன்காலை அடித்தட்டின் வட்டப் பள்ளத்தில் இறக்கி, 90 பாகை சுழற்றி நேராக்கினால், பின்கால் வந்து தாழில் பூட்டும். முன்பிடிப்பு முழுவட்டமாக இருப்பதால் கொக்கி போல இரண்டு பல்லை மட்டும் நம்பியிருக்கவில்லை. பின்தட்டில் எதிரெதிராக இரண்டு திருகு, அவற்றால் இடம்-வலம் நேர்படுத்தலாம். பழைய ஒற்றைத் திருத்த ஸ்கோப்புக்கு இது பெரிய வரம். வளையங்கள் திருகால் இறுகுபவை என்பதால் நாளைக்கு ஸ்கோப் மாற்ற வேண்டுமென்றாலும் வளையத்தை மாற்றினால் போதும்.

பிளந்த வளையம் இங்கேயும் விடுவதில்லை. பின்தட்டைப் பிளவின் இடப்பக்கப் பாதியில் மட்டும்தான் உட்கார வைக்க முடியும், அதனால் தட்டு ஒருபக்கமாக நின்று ஸ்கோப்பை நடுவுக்கு ஏந்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பொருத்துபவருக்கு இந்த ரைஃபிளில் அனுபவம் இருக்க வேண்டும், மவுசரில் செய்தவர் என்பது போதாது. துளையும் வேண்டும், ஆனால் பக்கத் தகட்டைவிடக் குறைவு, கட்டையில் கை வைக்க வேண்டாம். கழற்றிய பிறகு மிஞ்சுவது தாழ்வான இரண்டு தட்டுகள்தான், கையை உறுத்தாது.

உயரம்? கொக்கியைவிடத் தாழ்வாக அமைக்கலாம், ஆனாலும் கைப்பிடி போகும் அளவுக்குக் குறையக் கூடாது. இங்கே ரைஃபிளின் வயது முக்கியம். 1952 மாடலில் இருந்து கைப்பிடியைப் பின்பக்கம் சாய்த்து வளைத்தார்கள், ஸ்கோப் வைத்துச் சுடுபவர்களை மனதில் வைத்து. அந்த ரைஃபிள்களில் தாழ்ந்த சுழல் மவுண்டும் 4 மடங்கு ஸ்கோப்பும் அப்படியே பொருந்தி வருகின்றன. 1903 மாடலில் அதே உயரத்தை எதிர்பார்க்கக் கூடாது. கைப்பிடியை நெருப்பில் காட்டி வளைத்துக் கொள்ளலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்தத் தட்டைக் கைப்பிடியை வளைத்த ரைஃபிளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். தயவுசெய்து வேண்டாம்.

56 மி.மீ முன்கண்ணாடி உள்ள ராத்திரி ஸ்கோப்பை இதில் ஏற்றுவதையும் நான் ஏற்க மாட்டேன். மேடையில் உட்கார்ந்து அந்தியில் பன்றிக்குக் காத்திருக்க அது அருமையான கருவி. ஆனால் அந்தப் பெரிய கண்ணாடி குழலைத் தொடாமல் இருக்க எல்லாவற்றையும் உயர்த்த வேண்டும், மூன்று கிலோ ரைஃபிள் தலைகனத்துச் சாயும். அந்த வேலைக்கு வேறு ரைஃபிள் இருக்கிறது.

அப்புறம், ஸ்கோப்பே இல்லாத வழி ஒன்று. லைமன் நிறுவனம் இந்த ரைஃபிளுக்கென்றே 36 என்ற எண்ணில் ஒரு துளைக்குறி செய்தது. பிளவின் இடப்பக்கத்தில் பொருத்தும் சின்னக் கருவி, கைப்பிடி பின்னுக்கு வரும்போது அதன் கை விலகி வழிவிடும். கண்ணருகே உள்ள துளை வழியாக முன்குறியை மட்டும் பார்த்தால் போதும், கன்னம் கட்டையிலேயே இருக்கும். 100, 120 மீட்டருக்குள் சுடும் கண் நல்ல ஆளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இன்று அசல் 36 கிடைப்பது அரிது, விலையும் ஏறிவிட்டது. ரைஃபிளோடு சேர்ந்தே வந்தால் அதைக் கழற்றி விற்கவே கூடாது.

மவுண்டோடு வரும் பழைய ரைஃபிளை வாங்குபவர்கள், அது எந்த வகையாக இருந்தாலும், இரண்டு சோதனை செய்யாமல் பணம் கொடுக்க வேண்டாம். முதலாவது, ரைஃபிள் காலியாக இருப்பதை உறுதிசெய்துவிட்டு, ஸ்கோப்பைப் பிடித்து மெல்ல முறுக்கிப் பார்ப்பது. கையில் ஒரு சின்ன அசைவு தட்டினாலும் மேலே சொன்ன 0.1 மி.மீ கணக்கை நினைத்துக்கொண்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். இரண்டாவது, சுடுதளத்தில் ஒரு குண்டு சுட்டதும் ஸ்கோப்பைக் கழற்றி மறுபடி மாட்டி அடுத்ததைச் சுடுவது, இப்படி ஐந்து குண்டு. கழற்றாமல் சுடும் ஐந்து குண்டுக் கூட்டத்தோடு அதை ஒப்பிட வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அகலம் என்றால் அந்த மவுண்ட் கொக்கியோ, தகடோ, சுழலோ, வாங்கலாம்.