செயின்ட் ஃபேகன்ஸா, லான்கார்வனா?

இடைக்கால வேல்ஸில் ஊர்ச் சர்ச்சின் சுவரெல்லாம் ஓவியமாக இருந்ததே, அதைப் பார்க்க வேண்டும் என்றால் வேல்ஸ் தலைநகர் கார்டிஃப் பக்கத்திலேயே இரண்டு இடங்கள் உண்டு. காட்டும் காலம் ஏறக்குறைய ஒன்று, காட்டும் விதம் நேர் எதிர்.

முதலாவது, செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கும் செயின்ட் டெய்லோ சர்ச். இது இந்த இடத்துக் கட்டடமே இல்லை. பாண்டர்துலைஸ் பக்கம் லக்கர் ஆற்றங்கரையில் பாழாகிக் கிடந்ததை ஒவ்வொரு கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து, இங்கே எழுப்பி 2007இல் திறந்தார்கள். 1530 வாக்கில் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் கணக்கு. சுண்ணாம்புக்கு அடியில் கிடைத்த மூல ஓவியங்களைத் தனியே பெயர்த்துப் பாதுகாத்துவிட்டு, சுவரில் அவற்றைப் புதிதாக வரைந்தார்கள். ஓவியம் கிடைக்காத இடங்களுக்கு அந்தக் காலத்து வேறு சர்ச்சுகளின் ஓவியங்களை மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். உள்ளே நுழைந்தால் சிவப்பும் பச்சையும் கண்ணைப் பறிக்கும். சாம்பல் நிறக் கல்லைத்தான் பழமை என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு நல்ல அதிர்ச்சி.

லான்கார்வன் அப்படி இல்லை. சின்னக் கிராமம், செயின்ட் கடோக் சர்ச்சில் இன்றும் ஆராதனை நடக்கிறது. 2008இல் கூரையை ஆராய வந்தவர்கள் கண்ணில், சுவரில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று பட்டது. அதிலிருந்து தொடங்கி, அடுக்கடுக்கான சுண்ணாம்பைச் சிறு கத்தியால் சுரண்டி எடுத்தார்கள். கத்தோலிக்க வழக்கங்களை ஒதுக்கிய 16ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டன்ட் சமயச் சீர்திருத்தத்தில் சுண்ணாம்பு பூசி மூடப்பட்ட 15ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் வெளியே வந்தன. குதிரைமேல் செயின்ட் ஜார்ஜ், ஈட்டி பாய்ந்த டிராகன், கோட்டையிலிருந்து வேடிக்கை பார்க்கும் ராஜாவும் ராணியும். அப்புறம் ஏழு பாவங்கள், ஒவ்வொன்றுக்கும் பேய்கள் துணையாக. எனக்குப் பிடித்தது ஜன்னல் அருகே இருப்பதுதான்: பகட்டாக உடுத்திய ஓர் இளைஞனை, பிணத்துணி சுற்றிய மரணம் கையைப் பிடித்து இழுத்துப் போகிறது. ஓவியங்கள் பல இடங்களில் உதிர்ந்தும் மங்கியும் இருக்கின்றன. விட்டுப்போனதை யாரும் வரைந்து நிரப்பவில்லை.

போக்குவரத்தில் செயின்ட் ஃபேகன்ஸ்தான் ஜெயிக்கும். கார்டிஃபிலிருந்து பஸ் உண்டு, நுழைவு இலவசம், காருக்கு மட்டும் கட்டணம். குழந்தைகள் சலித்தால் பக்கத்திலேயே பழைய வீடுகள், பட்டறைகள், பேக்கரி என்று நாள் ஓடிவிடும். லான்கார்வனுக்குக் கார் இல்லாமல் கிளம்புவது வீண் அலைச்சல். கண் பழகும்வரை சுவர்முன் சும்மா நிற்கும் பொறுமையும் வேண்டும்.

டெய்லோவைப் 'புதுசு' என்று சிலர் ஒதுக்குவது நியாயமில்லை. மக்கள் அன்று பார்த்தது மங்கிய துண்டுகளை அல்ல, இந்தப் பளிச்சென்ற நிறத்தைத்தான். ஆனாலும் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் லான்கார்வனுக்கே போவேன். அன்றைய ஓவியனின் கைக்கோடு அங்கேதான் இருக்கிறது.

இரண்டுக்கும் நேரம் இருந்தால் காலையில் செயின்ட் ஃபேகன்ஸ், மதியம் லான்கார்வன். மாற்றிப் போனால் டெய்லோ சினிமா செட் மாதிரி தெரியும்.